தாமிரபரணி வெள்ளம்: மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு?

துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு 2023 டிசம்பர் 13 அன்று முடிவுற்றது. காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கான 'இழப்பு மற்றும் சேத நிதியம்' அந்த மாநாட்டின் முதல் நாளிலேயே நடைமுறைக்கு வந்தது. உலகை மாசுபடுத்தியவர்கள் ஒருபுறமும் அதன் விலையைக் கொடுப்பவர்கள் மறுபுறமும் இருக்கிறார்கள் என்ற உண்மை, முப்பதாண்டு காலப் பேச்சுவார்த்தைக்குப் பின் ஏட்டளவிலேனும் ஒப்புக்கொள்ளப்பட்டது. நான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 17 அன்று, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மழை தொடங்கியது.

மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ., மலை மீதுள்ள மாஞ்சோலையில் 55 செ.மீ. ஓர் ஆண்டு முழுவதும் பெய்யவேண்டிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி இரு கரைகளையும் மீறியது. திருநெல்வேலியில் சந்திப்புப் பகுதி, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் எனக் கரையோரம் முழுவதும் நீருக்குள் போனது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகமே தண்ணீரில் நின்றது. திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்ட செந்தூர் விரைவு ரயிலின் ஏறத்தாழ 800 பயணிகளை நாடே தொலைக்காட்சியில் பார்த்துக் கவலைப்பட்டது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதே நாட்களில் சாலையும் மின்சாரமும் தொலைபேசியும் அறுபட்டுக் கிடந்த கிராமங்களின் ஓரக் குடியிருப்புகளைப் பார்க்க எந்தக் கேமராவும் போகவில்லை.

மழைக்குச் சாதி தெரியாது என்று சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால் பெய்த மழை பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை இந்த நாட்டில் சாதி முடிவு செய்திருக்கிறது. காலநிலை மாற்றத்தைப் பற்றிய நம் உரையாடல் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மழையின் குணம் மாறிவிட்டது

காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கிக்கொள்ளும். கடல் சூடாகச் சூடாக நீராவி பெருகுகிறது. தேக்கிவைத்த நீரைக் காற்று குறுகிய நேரத்தில் மொத்தமாக இறக்கிவிடுகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பநிலை 1.1 டிகிரி உயர்ந்திருந்தது என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழு தன் ஆறாவது மதிப்பீட்டில் கூறியது. 2024ஆம் ஆண்டு மட்டும் தனியே அந்த உயர்வு ஏறத்தாழ 1.55 டிகிரியைத் தொட்டதாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது பெயர் சூட்டப்பட்ட புயல் அல்ல. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சிதான் அவ்வளவு மழையைக் கொண்டுவந்தது. புயல் என்றால் கூண்டு ஏற்றுவார்கள், பள்ளிகளைத் திறந்து மக்களை அழைத்துச் செல்வார்கள் என்ற பழகிய ஒழுங்கு இங்கே வேலை செய்யவில்லை. முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா என்று மத்திய, மாநில அரசுகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டன. நம்மைப் பொறுத்தவரை கேள்வி வேறு: சிவப்பு எச்சரிக்கை என்ற சொல் கடைசிக் குடிசைக்கு யார் வழியாக, எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது?

வெள்ளத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில் மிக மோசமான பொய்ப்பு அது. வற்றாத ஆறு என்று பெயரெடுத்த தாமிரபரணி மணல் திட்டாக மாறியது. குடிக்க நீரின்றி மக்கள் அலைந்த அந்தக் கோடைக்கு முன்பாகத்தான், கங்கைகொண்டானில் உள்ள குளிர்பான ஆலைகள் இந்த ஆற்று நீரை எடுக்கலாமா என்ற வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நடந்தது. 2016 நவம்பரில் தடை விதிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் அது விலக்கப்பட்டது. ஏழாண்டு இடைவெளியில் அதே ஆறு ஊர்களை மூழ்கடித்தது. ஒருபுறம் பஞ்சம், மறுபுறம் பெருவெள்ளம் என்ற இந்த ஊசலாட்டமே காலநிலை மாற்றம் நம் பள்ளத்தாக்கில் எடுத்திருக்கும் வடிவம்.

இதன் தாக்கம் மனிதரோடு நிற்பதில்லை. பொதிகையில் பிறந்து 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் இந்த ஆறு, மேற்கு மலையின் சோலைக் காடுகளையும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. கடல் வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் அந்தப் பவளப்பாறைகள் வெளுக்கின்றன. 2016இல் பெரும் இழப்பு நேர்ந்தது. மீன் குறைந்தால் முதலில் வெறுங்கையோடு திரும்புபவர் விசைப்படகு முதலாளி அல்லர்; கரைவலை இழுப்பவரும் கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்ணுமே.

கடைமடையும் ஊரின் கடைசியும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பாசனம் எட்டு அணைக்கட்டுகளாலும் பதினொரு கால்வாய்களாலும் ஆனது. கோடைமேலழகியானில் தொடங்கி திருவைகுண்டம் வரை அமைந்த இந்த ஒழுங்கில் ஒவ்வொரு கால்வாயும் குளங்களை நிரப்பிக்கொண்டே செல்கிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளம் வழியாகத் தச்சநல்லூர் வயல்களுக்கும் நீர் தந்தது. காரும் பிசானமுமாக இருபோகம் விளைந்த மண் இது.

இந்த அழகிய பொறியியலை நாம் வியக்கிறோம். அதே வேளையில் அதன் சமூகக் கணக்கையும் படிக்க வேண்டும். மடைக்கு அருகிலிருந்த நன்செய் கோயிலுக்கும் மடத்துக்கும் ஆதிக்க சாதி நிலவுடைமையாளருக்கும் உரியதாக இருந்தது. அந்த நிலத்தில் நட்டு, களை பறித்து, அறுத்தவர்களின் குடியிருப்பு ஊருக்கு வெளியே, வாய்க்காலின் வடிகால் பக்கத்தில், குளத்தின் மறுகால் ஓடும் பாதையில், சுடுகாட்டை ஒட்டிய புறம்போக்கில் அமைந்தது. ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பது இயற்கையாக வாய்த்ததன்று. யாருக்கு மனை வாங்கும் உரிமை இருந்தது, யாருக்கு இல்லாதிருந்தது என்பதன் தடயம் அது. 1892இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்டோருக்கு என ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அதில் பெரும்பகுதி எவர் கைக்குப் போனது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்கள் கையிலுள்ள சாகுபடி நிலம் அந்த விகிதத்துக்கு எட்டாத் தொலைவில் இருக்கிறது.

நகரமயம் இந்த நிலவரத்தை மாற்றவில்லை, புதிய பூச்சு பூசியது. 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளோடு தச்சநல்லூரும் சேர்ந்து மாநகராட்சி ஆனது. வயல்கள் மனைகளாயின. புறவழிச்சாலைகள் மேடாக எழும்பின. மேடாக்கப்பட்ட ஒவ்வொரு மனையும் தன் தண்ணீரை அடுத்த பள்ளத்துக்குத் தள்ளியது. மண் கொட்டி வீட்டை உயர்த்தக் காசு இல்லாதவரின் வாசலில் அந்தத் தண்ணீர் நின்றது.

இங்கே 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மாநகராட்சியின் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் எழுந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் நிற்கிறது. இவற்றுக்கு வளர்ச்சி என்று பெயர். வாய்க்கால் கரையில் மூன்று தலைமுறையாகக் குடிசை போட்டிருப்பவருக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நீர்வழிகளை மீட்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. அது தேவையான குரல். ஆனால் புல்டோசர் எப்போதும் எளிய முனையிலிருந்தே வேலையைத் தொடங்குகிறது. அகற்றப்பட்டவர்கள் நகரிலிருந்து பல கி.மீ. தொலைவில், வேலையும் பள்ளியும் எட்டாத அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். காலநிலைத் தகவமைப்பு என்ற புதிய பெயரில் பழைய ஊர்விலக்கமே நடக்குமானால் அதை நாம் ஏற்க முடியாது.

நிவாரணம் யார் பெயரில் வருகிறது?

டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு கடும் பாதிப்புக்குள்ளான வட்டங்களின் குடும்ப அட்டைதாரர்களுக்கு ரூ.6,000 வழங்கியது. 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த நெற்பயிருக்கான இழப்பீடு எக்டேருக்கு ரூ.13,500 என்பதிலிருந்து ரூ.17,000 ஆக உயர்த்தப்பட்டது. மாநிலம் இரு பேரிடர்களுக்குமாக மத்திய அரசிடம் கேட்டது 37,000 கோடி ரூபாய்க்கு மேல். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்ற பின் 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது 276 கோடி. இந்த ஓரவஞ்சனையை நாம் கண்டிக்கிறோம். ஆனால் தில்லியைக் கண்டிப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. வந்த பணம் எந்த வாய்க்கால் வழியாகப் பாய்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

டிசம்பர் நடுப்பகுதி என்பது பிசான சாகுபடியின் நாட்கள். நடவு முடிந்த வயல் மூழ்கினால் நட்டம் இரண்டு பேருக்கு: நிலத்தின் உடைமையாளருக்குப் பயிர் போகிறது, கூலித் தொழிலாளிக்குக் களையெடுப்பு முதல் அறுப்பு வரை அந்தப் போகத்தின் வேலை முழுவதும் போகிறது. இழப்பீட்டு விதி முதல் இழப்பை மட்டுமே பார்க்கிறது. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலைத் திறந்து பட்டாதாரர் பெயரை எழுதுகிறார். வாய்மொழியாக வாரத்துக்கோ பாட்டத்துக்கோ பயிரிட்டவரின் பெயர் அதில் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பதிவு கேட்டால் நிலமே கிடைக்காது என்ற அச்சம் அந்தச் சட்டத்தைக் காகிதத்திலேயே நிறுத்திவைத்தது. கூலி உழைப்பாளிக்கோ எந்த ஏட்டிலும் இடமில்லை.

வழி இல்லாமல் இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான விதிமுறைகளில், வாழ்வாதாரத்தைக் கடுமையாக இழந்த குடும்பங்களின் வயது வந்த இருவருக்கு, ஊரக வேலை உறுதித் திட்டத்தின் தினக்கூலி அளவில் உதவித்தொகை வழங்க இடம் உண்டு. விவசாயக் கூலிகளையும் உப்பளத் தொழிலாளர்களையும் செங்கல் சூளைத் தொழிலாளர்களையும் இந்தப் பிரிவின் கீழ்க் கொண்டுவரும்படி கேட்பது புதிய சலுகையைக் கேட்பதாகாது; இருக்கும் விதியை நிறைவேற்றச் சொல்வதேயாகும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால மாதங்களுக்கென ரூ.5,000 வழங்கும் திட்டத்தை மாநில அரசு ஏற்கெனவே நடத்திவருகிறது. நிலமற்றவரின் வேலையிழப்பும் இழப்பே என்ற கோட்பாட்டை அரசு ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அதை வயலுக்கும் நீட்டிக்க வேண்டும்.

தச்சநல்லூர் போன்ற பகுதிகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ஊரகத்துக்கு மட்டுமானதாகவே இயற்றப்பட்டது. மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டதால், இன்னமும் வயல் வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் அந்த நூறு நாள் வேலை கிடைக்கவில்லை. வரைபடத்தில் நகரவாசி, உழைப்பில் விவசாயக் கூலி. வெள்ளம் வந்தால் இரண்டு பட்டியலிலும் அவர் பெயர் விடுபடுகிறது.

பேரிடர் காலத்தில் சாதி மறைந்து மனிதநேயம் மலர்கிறது என்ற கதையை 2004 சுனாமி பொய்யாக்கியது. நாகப்பட்டினம் கரையோரத்தில் தலித் குடும்பங்கள் முகாம்களிலிருந்து விரட்டப்பட்டதையும், நிவாரணப் பட்டியலில் சேர்க்கப்படாமல் விடப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் சாதி, சமூகம், மதம், பாலினம், வம்சாவளி அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் பாகுபாடு நடந்ததா என்று கண்டறியச் சாதிவாரியான சேதக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எடுக்கப்படுவதே இல்லை. அளக்காத பாகுபாட்டை எந்த நீதிமன்றத்தில் நிறுவுவது?

முகாம் என்பதும் எளிய சொல் அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவர், சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதே மாவட்டத்தில், நான்கு மாதம் கழித்து வந்த வெள்ளத்தில், நள்ளிரவில் நீர் ஏறும்போது ஊர்த் தெருவிலுள்ள கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தலித் குடும்பத்திடம் சொல்வது எவ்வளவு பாதுகாப்பான ஆலோசனை? தஞ்சமடையும் இடம் எங்கே அமைகிறது, அதற்குப் போகும் வழி எந்தத் தெரு வழியாகச் செல்கிறது, அங்கே சமைப்பவர் யார் என்பன பேரிடர் திட்டமிடலின் தொழில்நுட்பக் கேள்விகளாக ஏற்கப்பட வேண்டும்.

சேற்றை அள்ளியவர்கள்

நீர் வடிந்த பின் சேறு மிஞ்சுகிறது. செத்த கால்நடை, அழுகிய தானியம், உடைந்த சாக்கடையின் கழிவு எல்லாம் கலந்த சேறு. அதை அள்ளியவர்கள் தூய்மைப் பணியாளர்கள்; அவர்களில் பெரும்பான்மையோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். அவர்களில் மிகப் பலர் ஒப்பந்தக் கூலிகள். நகரத்தை மீட்டெடுத்த வீரர்கள் என்று ஒரு வாரம் பாராட்டப்படுகிறார்கள். எட்டாவது நாள் கையுறையும் காலணியும் இல்லாமல் அதே வேலைக்குத் திரும்புகிறார்கள். அவர்களுடைய சொந்த வீட்டுக்குள் புகுந்த சேற்றை யார் அள்ளினார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

அதிகன மழை அடிக்கடி வரும் காலத்தில் பாதாளச் சாக்கடைகள் அடிக்கடி அடைபடும். அடைப்பு கூடக் கூட மனிதரை உள்ளே இறக்கும் அழுத்தமும் கூடும். கையால் மலம் அள்ளும் பணியை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.30 லட்சமாக உயர்த்தியது. காலநிலைத் தகவமைப்புக்கென ஒதுக்கப்படும் பணத்தில் அடைப்பு நீக்கும் இயந்திரங்களுக்கு முதலிடம் தரப்பட வேண்டும் என்று சொல்லும் சூழலியல் அறிக்கையை நாம் இதுவரை அரிதாகவே காண்கிறோம்.

தச்சநல்லூரை அடுத்த ராமையன்பட்டியில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் அங்கேதான். மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் குவிந்து மீத்தேன் உருவாகி, காற்று பலமாக வீசும் மாதங்களில் அக்கிடங்கு தீப்பற்றி எரிவதும், சுற்றுப்புறம் புகையில் மூச்சுத் திணறுவதும் தொடர்கதை. மீத்தேன் புவியைச் சூடாக்கும் வாயு. எனவே இது உலகப் பிரச்சினை. புகையைச் சுவாசிப்பவர் கிடங்கில் குப்பை பிரிப்பவரும் அருகில் குடியிருப்பவருமே. எனவே இது சாதிப் பிரச்சினையும் கூட. நகரம் தன் அழுக்கை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று பார்த்தால் அந்த நகரம் யாரைத் தன்னவராகக் கருதவில்லை என்பது தெரிந்துவிடும்.

மாஞ்சோலை: காடு காக்கப்படுகிறது, உழைத்தவர்?

ஆற்றின் தலைப்பகுதிக்குப் போவோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த ஏறத்தாழ 8,374 ஏக்கர் மலைக்காட்டில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி தோட்டங்கள் உருவாயின. அட்டைக்கடியிலும் அடைமழையிலும் அந்தத் தேயிலையை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி உயர்வும் சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று அவர்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தபோது, கொக்கிரகுளத்தில் காவல்துறை தடியடி நடத்தி ஆற்றுக்குள் விரட்டியது. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். 2023இல் வெள்ளம் புகுந்த அதே கரை அது.

இன்று அந்தத் தோட்டங்கள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. குத்தகை 2028இல் முடிகிறது. நிறுவனம் 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை வெளியேற்றும் நடவடிக்கையைத் தொடங்கியது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ தோட்டங்களை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

மேற்கு மலைச் சோலைகள் மீள வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. மழையை வாங்கி வைத்து ஆண்டு முழுவதும் சொட்டுச்சொட்டாக ஆற்றுக்குத் தரும் காடு அது. அது அழிந்தால் கடைமடையில் இருப்பவருக்கே முதல் அடி. ஆனால் காட்டை வெட்டித் தேயிலை நட்ட முடிவை எடுத்தது ஜமீனும் நிறுவனமும். அதன் இலாபத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அனுபவித்தது நிறுவனம். காட்டை மீட்கும் செலவு மட்டும் நான்கு தலைமுறை உழைப்பாளிகளின் தலையில் விழுகிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பழங்குடியல்லாத வனவாசிகள் 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் வனத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் பார்த்தால் அது 1930. குத்தகை தொடங்கியதோ 1929. முதல் கூட்டத்தில் மலையேறியவரின் வழித்தோன்றலுக்கும் கூட, ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் உரிமை கிடைக்கலாம் அல்லது நழுவலாம். அதை நிறுவும் ஆவணமோ அவரிடம் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது. காட்டை மீட்கும் பணியில் இம்மக்களையே ஊதியத்தோடு அமர்த்துவதும், இறங்கி வருவோருக்கு நிலமும் வீடும் தருவதும் நீதியின் குறைந்தபட்ச அளவு.

வெயிலில் நிற்பவர்

வெள்ளம் ஓரிரவில் வருகிறது. வெப்பம் நாள்தோறும் வருகிறது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம் என்று வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால் நடவு வயலிலோ சூளையிலோ உப்பளத்திலோ மயங்கி விழுந்து இறந்தவரின் மரணத்தை வெப்ப மரணம் என்று சான்றளிக்க மருத்துவப் பதிவு வேண்டும். உடற்கூறாய்வு இன்றி வீட்டிலிருந்தே மயானத்துக்குப் போகும் ஏழையின் சாவு 'நெஞ்சுவலி' என்றே முடிகிறது. உச்சி வெயிலில் வேலையை நிறுத்தினால் அந்த நேரக் கூலியைக் கொடுப்பது யார் என்ற கேள்விக்கு விடையில்லாத வரை, நண்பகலில் வெளியே செல்லாதீர் என்ற அறிவுரை நிழலில் வேலை செய்பவருக்கு மட்டுமே பொருந்தும்.

உலகிடம் கேட்பதை ஊரிடமும் கேட்போம்

பணக்கார நாடுகள் புகையைக் கக்கின, ஏழை நாடுகள் மூழ்குகின்றன. ஆகவே இழப்பீடு தாருங்கள் என்று இந்தியா உலக அரங்கில் கேட்கிறது. அந்த வாதம் சரியானது. அதே வாதத்தை நாட்டு எல்லைக்குள் திருப்பினால் என்னவாகும்? குளிர்சாதனமும் காரும் விமானப் பயணமும் இல்லாத, காலநிலையைக் கெடுத்ததில் துளியும் பங்கில்லாத குடியிருப்பு முதலில் மூழ்குகிறது. தில்லி ஜெனீவாவிடம் கேட்கும் நீதியைச் சேரி ஊரிடம் கேட்கிறது. 2024 மார்ச்சில் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் அடங்கியிருக்கிறது என்று கூறியது. 21ஆம் உறுப்பு உயிர் வாழும் உரிமை. 14ஆம் உறுப்பு சமத்துவ உரிமை. இரண்டாவதைச் சேர்த்துச் சொன்னதில்தான் நமக்கான கதவு திறந்திருக்கிறது. பாதிப்பு சமமாக இல்லாதபோது பாதுகாப்பும் சமமாகப் பங்கிடப்பட்டால் அது சமத்துவமாகாது.

எனவே நாம் கேட்பவை இவை:

1. ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் சேதமும் நிவாரணமும் சாதிவாரியாகக் கணக்கெடுக்கப்பட்டு, கிராம சபையிலும் வார்டு அளவிலும் வெளியிடப்பட வேண்டும்.

2. பயிர் இழப்பீட்டோடு, வேலை இழந்த கூலித் தொழிலாளருக்கும் பதிவற்ற குத்தகையாளருக்கும் தனி உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் வாழும் விவசாயக் கூலிகளும் இதில் அடங்க வேண்டும்.

3. நீர்வழிக் கரையிலிருந்து இடம்பெயர்க்கப்படுவோருக்கு, அதே ஊரில் மேட்டு நிலத்தில் பட்டாவுடன் மனை தர வேண்டும். பஞ்சமி நில மீட்பை இதனோடு இணைக்க வேண்டும்.

4. வெள்ளத் தஞ்சக் கட்டடங்கள் தலித் குடியிருப்புகளுக்குள்ளோ மிக அருகிலோ கட்டப்பட வேண்டும்.

5. தூய்மைப் பணியாளர்களுக்கு நிரந்தரப் பணியும் இயந்திரங்களும் பாதுகாப்புக் கருவிகளும், பேரிடர்ப் பணிக்கு இரட்டைக் கூலியும் வேண்டும்.

6. பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024இல் இயற்றிய சட்டத்தின் கீழ், மாநிலத்தின் காலநிலை இயக்க நிதியிலும் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு ஒதுக்கப்பட வேண்டும்.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசு எடுக்காத கணக்கை நம்மால் எடுக்கத் தொடங்க முடியும். உங்கள் பகுதியின் வாய்க்கால், குளம், மறுகால், குடியிருப்பு ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள். 2023 டிசம்பரில் நீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை நாள் நின்றது, யாருக்கு எப்போது படகு வந்தது, எந்தப் பட்டியலில் எவர் பெயர் விடுபட்டது என்று தெருத்தெருவாகக் கேட்டு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நிவாரணப் பட்டியல்களைக் கேளுங்கள். அடுத்த மழைக்கு முன் அந்த ஏடு ஆட்சியர் மேசையில் இருக்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாடு சவதார் குளத்தில் இறங்கி நீரருந்தியபோது, பொதுநீரின் மீது எல்லாருக்கும் உரிமை உண்டு என்பதை நிறுவினார். நூறாண்டை நெருங்கும் வேளையில் அந்தப் போராட்டத்துக்கு இன்னொரு பக்கம் சேர்ந்திருக்கிறது. தண்ணீரை அடையும் உரிமையோடு, தண்ணீரிலிருந்து காக்கப்படும் உரிமையையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழை வழக்கம்போல் அக்டோபரில் வரும்.